மொட்டை மாடியில் ஹாம் ஆன்டெனா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் என்பது லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசுவது. புதிதாக ஹாம் லைசென்ஸ் வாங்கியவர்கள் முதலில் ரேடியோ செட்டைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் கேட்பதெல்லாம் ஆன்டெனாவைப் பற்றித்தான் இருக்கும். நம் ஊர் வீடு, வெயில், மழை, புயல் இவற்றை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். இரண்டு மீட்டர் பேண்ட் என்று சொல்லும் இடத்தில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை என்றும், 70 சென்டிமீட்டர் பேண்ட் என்றால் 434 முதல் 438 வரை என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள்) என்று வருகிற இடங்களில் பெரும்பாலும் 7 மெகாஹெர்ட்ஸ்தான் பேச்சு.

லைசென்ஸ் வருவதற்கு முன்பே ஆன்டெனா வேலையை ஆரம்பிக்கலாமா?

கம்பி வெட்டவும் குழாய் நிறுத்தவும் கேபிள் இழுக்கவும் யாரும் லைசென்ஸ் கேட்கப் போவதில்லை. செட் வாங்குவதும் அலைபரப்புவதும் மட்டும் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு. தேர்வு எழுதி, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையிடம் விண்ணப்பித்து, வியு3 அல்லது வியு2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் மாடியை அளந்து, கேபிள் எந்த வழியாக இறங்கும், எர்த் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்தால் பின்னால் பாதி வேலை மிச்சம்.

கையடக்க செட்டோடு வந்த ரப்பர் ஆன்டெனா போதாதா?

தெருவுக்குள் பேசப் போதும். இரண்டு மீட்டர் பேண்டில் கால் அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் கால்பங்கு, என்றால் அரை மீட்டர் நீளம் வேண்டும். அதைச் சுருளாகச் சுற்றி ஒரு சாண் ரப்பருக்குள் அடைத்திருக்கிறார்கள். சட்டைப்பையில் வைக்க வசதிதான், ஆனால் செட் தருகிற சக்தியில் பெரும்பகுதி வெளியே போவதே இல்லை.

செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. 49 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய ஒயர் ஒன்றை வெட்டி, ஆன்டெனா திருகும் இடத்தில் உள்ள வெளிப்புற உலோக வளையத்தில் படும்படி மாட்டித் தொங்கவிடுங்கள். ஆன்டெனாவின் மறுபாதி வேலையை இந்த வால் செய்யும். ரிப்பீட்டரில் (உயரத்தில் இருந்து உங்கள் சிக்னலை வாங்கித் திரும்ப அலைபரப்பும் நிலையம்) உங்கள் குரல் இரைச்சலோடு கேட்கிறது என்று சொன்னவர்களே வித்தியாசத்தைச் சொல்வார்கள். வீட்டில் இருந்தபடி பேசுவதற்கு இது தீர்வு ஆகாது. மாடிக்குத்தான் போக வேண்டும்.

அதிக வாட் உள்ள செட் வாங்குவதா, நல்ல ஆன்டெனா போடுவதா?

ஆன்டெனா. அதிலும் உயரம்.

இரண்டு மீட்டர் பேண்ட் அடங்கிய விஹெச்எஃப் அலை கிட்டத்தட்ட பார்வைக்கோட்டில் போகிறது. ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், சமவெளியில் எத்தனை கிலோமீட்டர் வரை அதற்கு எட்டும் என்று தோராயமாகத் தெரியும். கையில் பிடித்த செட்டுக்கு 5 கிலோமீட்டர். இரண்டு மாடி வீட்டின் மேல் 12 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் 14 கிலோமீட்டர். எதிர்முனையின் எல்லையையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கேயும் அதே உயரம் என்றால் மொத்தம் 28. கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால் அதன் எல்லையே 180 கிலோமீட்டரைத் தாண்டும். அதனால்தான் சமவெளியில் இருக்கிற ஒருவர் 5 வாட்டில் மலை ரிப்பீட்டரைப் பிடித்துவிடுகிறார். பக்கத்து ஊரில் 50 வாட் செட்டை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு இன்னொருவர் திணறுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. வாட்டைக் கூட்டினால் நீங்கள் பேசுவதுதான் கூடுதலாகக் கேட்கும். ஆன்டெனாவைச் சரிசெய்தால் உங்களுக்கும் கேட்கும்.

முதல் ஆன்டெனாவாக எதை வைப்பது? வாங்குவதா, செய்வதா?

இரண்டு மீட்டருக்கு ஒரு கிரவுண்ட் பிளேன் செய்யுங்கள். நடுவில் ஒரு கம்பி நிற்கும், அடியில் நான்கு கம்பி விரிந்திருக்கும் ஆன்டெனா அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். கடையில் வாங்கிய ஆன்டெனா கெட்டுப்போனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. இதில் உள்ளது அத்தனையும் கண்ணுக்குத் தெரியும்.

எஸ்ஓ-239 என்கிற, நான்கு மூலையிலும் துளை உள்ள சேஸிஸ் சாக்கெட் ஒன்று வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு. வெளியூர்க்காரர்கள் இணையத்தில் வாங்கலாம். கம்பிக்கு வெல்டிங் சாமான் விற்கும் கடைக்குப் போய் 3 மில்லிமீட்டர் பித்தளை ராடு ஐந்து கேளுங்கள். நேராக இருக்கும், சால்டர் பிடிக்கும், துருப்பிடிக்காது. ஒரு ராடை 51 சென்டிமீட்டருக்கு வெட்டி சாக்கெட்டின் நடுக்குழியில் நிற்க வைத்து சால்டர் செய்யுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன் இந்த தடிமனுக்குச் சூடு தராது; 60 வாட்டாவது வேண்டும். மீதி நான்கையும் 53 சென்டிமீட்டருக்கு வெட்டி, ஒரு முனையை வளையமாக வளைத்து, மூலைத் துளைகளில் 3 மில்லிமீட்டர் போல்ட் நட்டு போட்டு முறுக்குங்கள். அப்புறம் நான்கையும் 45 டிகிரி கீழ்நோக்கிச் சாயுங்கள். கிடைமட்டமாக விட்டால் இதன் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 36 ஓம் பக்கம் நிற்கும். சாய்த்தால் 50க்கு வரும். நம் கேபிளும் செட்டும் எதிர்பார்ப்பது அந்த 50 ஓம்தான்.

கேபிள் பிளக் நுழையும் அளவுக்கு பிவிசி குழாய் ஒன்றை எடுத்து, கேபிளை உள்ளே விட்டு, சாக்கெட் குழாயின் வாயில் உட்காரும்படி வையுங்கள். இனி நடுக்கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எஸ்டபிள்யூஆர் அளக்க வேண்டியதுதான். ஆன்டெனா ஏற்காமல் எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு அது; 1க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 5 மில்லிமீட்டர் வெட்டினால் கிட்டத்தட்ட 1.4 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். பேண்டே 2 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான், ஆகவே ஒரே வெட்டாக ஒரு விரற்கடை போட்டுவிடாதீர்கள். 49 சென்டிமீட்டர் பக்கம் எங்கேயோ நிற்கும்.

"12 டிபி கெயின்" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே, நம்பலாமா?

டிபி என்பது டெசிபல், சக்தியின் விகிதத்தைச் சொல்லும் அளவு. கெயின் என்பது ஆன்டெனா தானாக உண்டாக்கும் சக்தி இல்லை. மேலேயும் கீழேயும் போகிறதை வாங்கி அடிவானத்தின் பக்கம் திருப்பி விடுவதுதான். அதற்கு நீளம் வேண்டும். ஒன்றரை மீட்டர் கம்பு இரண்டு மீட்டர் பேண்டில் 12 டெசிபல் தர இயற்கையில் வழியில்லை. எண்ணுக்குப் பின்னால் டிபிஐ (dBi) என்று இருக்கிறதா, டிபிடி (dBd) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே ஆன்டெனாவுக்கே முதலாவது 2.15 கூடுதலாகக் காட்டும். இரண்டும் போடாமல் வெறும் டிபி என்று மட்டும் இருந்தால் அந்த எண்ணை விட்டுவிட்டு, ஆன்டெனாவின் நீளத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அதிக கெயின் கெடுதலாகவும் முடியும். ரிப்பீட்டர் தலைக்கு மேலே இருக்கும்போது அடிவானத்தைப் பார்த்தே வீசுகிற ஆன்டெனாவை வைத்து என்ன செய்வது? தேனி, போடி மாதிரி இடங்களுக்கு அந்தச் சாதாரண கிரவுண்ட் பிளேனே பொருத்தம்.

எந்த கேபிள் வாங்குவது? மெல்லிசு விலை குறைவாக இருக்கிறதே.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து செட் வாங்கிவிட்டு, மாடி வரைக்கும் மலிவு கேபிள் இழுப்பவர்கள்தான் அதிகம்.

20 மீட்டர் கேபிள், 10 வாட் செட் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 4 டெசிபல் போகும். ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 4 வாட். அதே கேபிளில் 435 மெகாஹெர்ட்ஸ் என்றால் 2 வாட்கூடத் தேறாது, மீதியெல்லாம் கேபிளைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. தடித்த ஆர்ஜி-213 போட்டால் 145இல் ஏறக்குறைய 7 வாட், 435இல் 5 வாட் அளவுக்கு மேலே சேரும். எல்எம்ஆர்-400 வகை என்றால் 8, 6.5 என்று இருக்கும். இதே இழப்பு வருகிற சிக்னலுக்கும் உண்டு.

ஹெச்எஃப் மட்டும் போதும் என்றால் கதை வேறு. 7 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்ஜி-58 ஒரு டெசிபல்கூட விழுங்காது. அங்கே தடித்த கேபிளுக்குக் காசு கொட்ட வேண்டாம்.

வாங்கும்போது ஒரு முனையை உரித்துப் பாருங்கள். பின்னல் கம்பி உள்ளிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக்கை மூடியிருக்க வேண்டும். நாலு இழை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடினால், மேலே என்ன அச்சடித்திருந்தாலும் அது ஆர்ஜி-58 இல்லை. காந்தத்தை வைத்துப் பார்ப்பதும் நல்லது. நடுக்கம்பி ஒட்டினால் செம்புப் பூச்சு போட்ட இரும்பு. விஹெச்எஃப்பில் மின்சாரம் மேற்பூச்சிலேயே ஓடிவிடுவதால் பாதகமில்லை, ஹெச்எஃப்பில் இழப்பு கூடும்.

வீட்டில் டிடிஹெச்சுக்கு வாங்கிய டிவி கேபிள் மிச்சம் இருக்கிறது. போடலாமா?

தாராளமாக. அது 75 ஓம், நமக்கு வேண்டியது 50 ஓம், அதனால் எஸ்டபிள்யூஆர் 1.5 வரை காட்டலாம். ஆனால் ஆர்ஜி-6 கேபிளின் இழப்பு ஆர்ஜி-58இல் பாதிதான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் விஹெச்எஃப்பில் லாபமே. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் பின்னல் அலுமினியம், சால்டர் ஒட்டாது. எஃப் கனெக்டர் போட்டு, அதிலிருந்து பிஎல்-259க்கு (எஸ்ஓ-239 சாக்கெட்டில் பொருந்தும் பிளக்) மாற்றும் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்டபிள்யூஆர் எவ்வளவு இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்?

1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம். 2 என்றால் 11. 3 என்றால் 25. 1.5க்குக் கீழே வந்துவிட்டால் விட்டுவிட்டுப் பேசப் போங்கள். 1.3ஐ 1.1 ஆக்குவதற்கு நாள் முழுக்க மாடியில் வெயிலில் நிற்பவர்களுக்கு எதிர்முனையில் ஒரு வித்தியாசமும் கேட்காது. 2ஐத் தாண்டினால் பெரிய செட்டுகள் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். மலிவான கையடக்க செட்டில் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

அளவு நன்றாக இருப்பதாலேயே ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. இழப்பு அதிகமுள்ள கேபிள் போகும்போதும் தின்னும், திரும்பி வரும்போதும் தின்னும். மேலே ஆன்டெனா ஒடிந்து கிடந்தாலும் கீழே மீட்டர் 1.5 என்று அழகாகக் காட்டும். தண்ணீர் புகுந்த கேபிளும் இப்படித்தான். வருடங்கள் போகப் போக எஸ்டபிள்யூஆர் தானாகக் குறைந்துகொண்டே வந்தால் சந்தோஷப்படாமல் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

இதையெல்லாம் அளக்க நானோவிஎன்ஏ என்ற உள்ளங்கை அளவு கருவி கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. தனியாக வாங்காவிட்டாலும் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

கம்பத்தை மாடியில் எப்படி நிறுத்துவது?

மாடித் தளத்தில் துளை போடாதீர்கள். முதல் மழையிலேயே கீழ்வீட்டில் ஒழுகும், அப்புறம் ஆன்டெனாவை வீட்டில் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். கைப்பிடிச் சுவரும் நம்பிக்கைக்குரியது இல்லை. பெரும்பாலான வீடுகளில் அது நாலரை இஞ்ச் செங்கல் சுவர். காற்று ஆட்ட ஆட்ட போல்ட்டைச் சுற்றிச் செங்கல் உதிரும்.

நல்ல இடம் மாடிப்படி அறையின் சுவர். அதன் மூலையில் கான்கிரீட் தூணோ மேலே பீமோ இருக்கும். அந்தக் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்து, ஒன்றுக்கொன்று ஒரு மீட்டராவது இடைவெளி விட்டு இரண்டு கிளாம்ப் போடுங்கள். இரண்டு கிளாம்பும் அரை அடிக்குள் இருந்தால் கம்பம் நெம்புகோலாகி போல்ட்டைப் பிடுங்கிவிடும். ஜிஐ குழாய் ஒன்றரை இஞ்ச், பி கிளாஸ். ஏ கிளாஸ் மெல்லிசு, வளையும். கடையில் ஒரு குழாய் 6 மீட்டர் வரும். அதை அப்படியே ஏற்றி, மேல் கிளாம்புக்கு மேலே 3 மீட்டர் வரை நீட்டியிருந்தால் ஸ்டே கம்பி இல்லாமலே லேசான ஆன்டெனாவைத் தாங்கும். அதற்கு மேல் போனால் மூன்று திசையில் ஸ்டே கட்டாயம். நைலான் கயிறு நம் வெயிலில் நார் நாராகிவிடும். கம்பிக்கயிறும் அதைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிளும் போடுங்கள். கட்டுக்கம்பியை வைத்து முறுக்கிக் கட்டுவது கட்டட வேலைக்குச் சரி, இங்கே ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து அறுந்துவிடும். குழாயின் மேல் வாயில் மூடி போடாவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்குவதோடு, காற்றடிக்கும் இரவெல்லாம் குழல் ஊதும்.

சின்டெக்ஸ் டேங்கின் ஸ்டாண்டில் கட்டலாமா என்று கேட்பார்கள். இரும்பு ஸ்டாண்டாக இருந்தால் கட்டலாம். டேங்க் சுத்தம் செய்ய வருகிறவர் எங்கே கால் வைப்பார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரோ இருவரோ சேர்ந்து அரை மணியில் இறக்கக்கூடிய மாதிரி கம்பம் இருக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் வார்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் வீசியது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகளையே சாய்த்தது. காற்றின் வேகம் இரட்டித்தால் கம்பத்தின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். புயல் எச்சரிக்கை வந்ததும் ஆன்டெனாவை இறக்கிக் கட்டி வையுங்கள். செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்ட மறுநாள்தான் ஹாமை எல்லோரும் தேடுவார்கள். அன்றைக்கு உங்கள் கையில் ஆன்டெனா முழுசாக இருக்க வேண்டும்.

பக்கத்தில் ஈபி கம்பி போகிறது. எவ்வளவு தள்ளி வைக்கலாம்?

கம்பம் அடியோடு பெயர்ந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் ஈபி கம்பியில் படக்கூடாது. அதாவது, கம்பமும் ஆன்டெனாவும் சேர்ந்த மொத்த நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி. அந்த இடைவெளி இல்லாத வீட்டில் உயரமான கம்பம் வேண்டாம், அவ்வளவுதான். கயிறு கட்டிய கல்லை எறிந்து ஒயர் இழுக்கும்போதும் மறுபக்கம் என்ன போகிறது என்று ஒருவர் நின்று பார்க்கட்டும். குழாயைத் தூக்கி நிறுத்தும் அந்த ஒரு நிமிடத்தில்தான் உயிர் போகிறது.

இடி மின்னலுக்கு என்ன செய்வது?

சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசி மழையிலும் இடி சத்தம் கேட்டதுமே கேபிளைக் கழற்றிவிட வேண்டும். மின்னல் கண்ணில் படும் வரை காத்திருக்க வேண்டாம். கழற்றிய முனையை மேசைமேல் செட்டுக்குப் பக்கத்திலேயே வைப்பதில் பலனில்லை. ஜன்னலுக்கு வெளியே போக வேண்டும். அதனால் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஓர் இணைப்பு வைத்து, அங்கேயே கழற்றுகிற மாதிரி செய்வது நல்லது. ஊருக்குப் போகும்போது கழற்றிவிட்டுப் போங்கள்.

கம்பத்துக்கு எர்த் வேண்டும். தடித்த செம்புக் கம்பி அல்லது பட்டை, வளைவில்லாமல் நேராகக் கீழே இறங்கட்டும். அந்த எர்த்தை வீட்டின் ஈபி எர்த்தோடு இணைத்துவிடுங்கள். தனித்தனியாக விட்டால் பக்கத்தில் எங்கேயாவது மின்னல் விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். அது சமனாகப் போகும் பாதை உங்கள் செட்டாக இருக்கும். கேபிள் நுழையும் இடத்தில் கேஸ் குழாய் உள்ள அரெஸ்டர் (அதிக மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சாதனம்) போடலாம். இவையெல்லாம் பக்கத்தில் விழும் மின்னலுக்கு. ஆன்டெனா மேலேயே விழுந்தால் எதுவும் உத்தரவாதம் இல்லை.

7 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு 20 மீட்டர் வேண்டுமாம். என் மாடியே 9 மீட்டர்தான்.

டைபோல் என்பது நடுவில் கேபிள் சேர, இருபுறமும் ஒயர் கைகள் நீளும் ஆன்டெனா. அது நேராக இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. நடுவில் கம்பத்தின் உச்சியில் தூக்கி, இரண்டு கைகளையும் இருபுறமும் சரித்து இறக்குங்கள். இதைத் தலைகீழ் வி என்பார்கள். இரண்டு கைக்கும் நடுவில் கோணம் 90 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். அப்படியும் இடம் போதாவிட்டால் கடைசி ஒன்றிரண்டு மீட்டரைச் சுவரோரமாக மடக்கித் தொங்கவிடலாம். ஆன்டெனாவின் நடுப்பகுதிதான் அதிகம் வேலை செய்கிறது, முனை எப்படி வளைந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

ஒயருக்கு வீட்டு ஒயரிங் செய்யும் 1.5 ஸ்கொயர் ஒயரே போதும். ஒவ்வொரு கையையும் 10.4 மீட்டருக்கு வெட்டி, நீளம் குறைக்க வேண்டியிருந்தால் வெட்டாமல் முனையை மடக்கிச் சுற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் 10 சென்டிமீட்டர் மடக்கினால் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். நடுவில் 1:1 பாலன் (கேபிளின் வெளிப்பின்னலில் மின்சாரம் ஓடாமல் தடுப்பது) போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கேபிளின் வெளிப்பின்னலும் ஆன்டெனாவாகிவிட்டால், நீங்கள் பேசும்போது பக்கத்து வீட்டு ஸ்பீக்கரும் பேசும்.

ஒரு முனையைத் தென்னை மரத்தில் கட்டுவதானால் இறுக்கிக் கட்டாதீர்கள். காற்றில் மரம் இரண்டு மூன்று அடி ஆடும், ஒயர் அறுந்துவிடும். மரத்தில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றை அதன் வழியாக இறக்கி, நுனியில் மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாவைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது டப்பா ஏறி இறங்கும், ஒயர் அதே இழுவிசையில் நிற்கும்.

ஒரே முனைதான் வீட்டுக்கு அருகில் வரும் என்கிறவர்கள் 49:1 மின்மாற்றியோடு, ஒரு முனையில் கேபிள் சேரும் அரை அலை ஒயர் போடலாம். அதே 20 மீட்டர் ஒயர் 7, 14, 21, 28 நான்கிலும் வேலை செய்யும். அதன் முனைகளில் மின்னழுத்தம் மிக அதிகம். 100 வாட்டில் தொட்டால் கை புண்ணாகும், எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

7 மெகாஹெர்ட்ஸ் டைபோலை 6 மீட்டர் உயரத்தில்தான் கட்ட முடிகிறது. வீணா?

வெளிநாட்டுப் புத்தகங்களில் அரை அலை உயரம், அதாவது 20 மீட்டர் வேண்டும் என்று இருக்கும். அது கண்டம் தாண்டிப் பேசுவதற்கு. தாழக் கட்டிய டைபோல் அலையை நேர் மேலே அனுப்புகிறது. அது வானில் வெகு உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு நேர் கீழே இறங்கி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குப் பரவுகிறது. பகலில் சென்னையிலிருந்து மதுரை, கோவை, பெங்களூர் என்று பேச இதுதான் வேண்டும். புவியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போவதால் இங்கே அயனி மண்டலம் அடர்த்தி அதிகம், இந்த வேலைக்கு ரொம்பத் தோது. திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வு மையம் இருப்பதற்கும் அந்தக் கோடுதான் காரணம்.

ஹெச்எஃப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பரை நினைவுபடுத்தலாம். பாரதி பிரசாத் தலைமையில் ஹாம்கள் சிலர் அப்போது அந்தமானில் இருந்து உலகத்தோடு பேசும் முயற்சிக்காகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார்கள். 26ஆம் தேதி சுனாமி வந்தது. மற்ற தொடர்புகள் அறுந்துபோன நிலையில், பொழுதுபோக்குக்கென்று கட்டிய அந்த ஆன்டெனாக்கள் வழியாகத்தான் தீவுகளுக்கும் தரைக்கும் நடுவே செய்திகள் போய்வந்தன.

ஹெச்எஃப்பில் ஒரே இரைச்சல். ஆன்டெனா சரியில்லையா?

ஆன்டெனாவைக் குறை சொல்லும் முன் செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் விழுந்தால் எதிரி வீட்டுக்குள். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே வந்தால் எல்இடி பல்போ, செல்போன் சார்ஜரோ, இன்வெர்ட்டரோ மாட்டும். மெயினை அணைத்தும் விழவில்லை என்றால் பக்கத்து வீடு, அல்லது சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டர். ஆன்டெனாவை அதிலிருந்து சில மீட்டர் தள்ளுவதே பெரிய நிவாரணம் தரும்.

வாடகை வீடு, அடுக்குமாடி. எதுவும் அடிக்க விடமாட்டார்கள்.

20 லிட்டர் பெயிண்ட் டப்பாவில் கான்கிரீட் கொட்டி, நடுவில் ஒரு பிவிசி குழாயைப் பதித்துவிட்டால் 45 கிலோவுக்கு மேல் எடையுள்ள அடிப்பாகம் கிடைக்கும். அதில் இரண்டு மீட்டர் குழாயும் கிரவுண்ட் பிளேனும் நிற்கும். சுவர்க் கொக்கியில் ஒரு கயிறும் கட்டிவிடுங்கள். மாடியே கிடையாது என்றால், ரிப்பன் ஒயரில் செய்த சுருட்டி வைக்கும் ஆன்டெனாவைப் பால்கனியில் இருந்து இரவில் தொங்கவிடலாம். ஹெச்எஃப்புக்குப் பால்கனியில் ஒரு மீட்டர் விட்டமுள்ள காந்த வளைய ஆன்டெனா (மேக்னடிக் லூப்) போடுகிறவர்கள் இருக்கிறார்கள். திறன் குறைவு, ஆனாலும் பேசுகிறார்கள்.

சங்கத்தில் கேட்காமல் வைத்துவிட்டு அப்புறம் சண்டை போடுவதைவிட, லைசென்ஸ் நகலோடு ஒரு கடிதம் கொடுங்கள். "செல்போன் டவரா சார்?" என்றுதான் முதல் கேள்வி வரும். இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

யாகி எப்போது தேவைப்படும்?

யாகி என்பது ஒரு தண்டில் வரிசையாகக் கம்பிகள் உள்ள, ஒரே திசையைப் பார்க்கும் ஆன்டெனா. ஒரே திசையில் தூரமாகப் பேச வேண்டும் என்றால் அது வேண்டும். 1980களில் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு உயரமான கம்பத்தில் டிவி ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்த்தார்களே, அது யாகிதான். கடலுக்கு மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்காக நிற்கும் நாட்களில் விஹெச்எஃப் அலை பார்வைக்கோட்டைத் தாண்டி வெகுதூரம் போகும். கடற்கரை ஊர் ஹாம்களுக்கு இது இப்போதும் கிடைக்கிற அதிர்ஷ்டம்.

எஃப்எம்மில் பேசுகிறவர்கள் எல்லோரும் ஆன்டெனாவை நெட்டாக வைத்திருப்பார்கள். நீங்கள் யாகியின் கம்பிகளைப் படுக்கையாக வைத்தால் 20 டெசிபல் வரை கோட்டை விடுவீர்கள். நெட்டாக வைக்கும்போது இரும்புக் கம்பம் கம்பிகளுக்கு நடுவே வரக்கூடாது. பின்பக்கத்து ரிஃப்ளெக்டருக்கும் பின்னால் பிடிக்க வேண்டும், இல்லை மேல் ஒரு மீட்டரை பிவிசி ஆக்கிவிடுங்கள்.

எஃகு அளவு டேப்பை வெட்டி பிவிசி குழாயில் மாட்டிய மூன்று கம்பி யாகி கையில் பிடிக்க அருமையானது. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும் பத்து நிமிடத்தில் 145.800இல் கேட்க அது போதும்.

காரில்?

கூரையின் நடுவில் காந்த அடிப்பாகம், 49 சென்டிமீட்டர் கம்பி. கூரை இரும்பாக இருக்க வேண்டும். கண்ணாடிக் கூரையில் வேலைக்காகாது. செட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராக. சிகரெட் லைட்டர் குழியில் 50 வாட் செட்டைச் செருகாதீர்கள்.

குழந்தைகள் மாடியில் விளையாடுவார்கள். ஆபத்தா?

5 வாட்டில் கவலை இல்லை. 50 வாட்டில் பேசுகிற ஆன்டெனா தலைமட்டத்தில் இருக்கக்கூடாது. அடிநுனி மாடித் தளத்திலிருந்து 3 மீட்டருக்கு மேல் இருக்கட்டும். துணி உலர்த்தவும் வடாம் காயப்போடவும் மேலே ஆள் வருவார்கள் என்பதை வைத்தே இடத்தைத் தீர்மானியுங்கள். ஸ்டே கம்பி கழுத்து மட்டத்தில் குறுக்கே போவது இதைவிடப் பெரிய ஆபத்து. அதில் சிவப்புத் துணியோ பழைய கேபிள் உறையோ சுற்றிவிடுங்கள்.

கனெக்டரில் தண்ணீர் புகாமல் எப்படிக் காப்பது? எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் ஒரு கோடையில் பிசின் உருகி வழிந்துவிடும். முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் இன்சுலேஷன் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அடுக்குகள் ஓட்டுக்கூரை போல ஒன்றின் மேல் ஒன்று விழுந்து தண்ணீரைத் தள்ளிவிடும். எம்-சீல் வைத்து அடைத்தால் நன்றாக நிற்கும், ஆனால் அடுத்த முறை சுத்தியலால்தான் திறக்க வேண்டும். கேபிள் ஜன்னலுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு இறங்கி ஏறட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இறக்கிப் பாருங்கள். நாகை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் இரண்டு முறை. அங்கே போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸில் வாங்கிவிடுங்கள். அலுமினியமும் செம்பும் நேராகத் தொடும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும், நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் வாஷர் போடுங்கள். இறக்கும்போது அன்றைக்கு அளந்த எஸ்டபிள்யூஆரைத் தேதியோடு கம்பத்தின் அடியிலேயே பெயிண்டால் எழுதி வையுங்கள். நோட்டுப் புத்தகம் தொலைந்துபோகும்.